திட்டு வாங்குகிறவர்கள்

'தி திக் ஆஃப் இட்' என்ற பிரிட்டிஷ் டிவி தொடரைப் பார்த்த இரண்டு பேர் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். மால்கம் டக்கர் திட்டியதிலேயே உனக்கு ரொம்பப் பிடித்தது எது? லண்டனில் என்னோடு வேலை பார்க்கும் கிளாஸ்கோக்காரர் இதற்கு வாயால் பதில் சொல்லி நிறுத்திக்கொள்ள மாட்டார், நடித்தே காட்டுவார். மதிய இடைவேளையில், கையில் பாதி தின்ற சாண்ட்விச்சோடு, கழுத்து நரம்பு புடைக்க, மூச்சு விடாமல் ஒரு முழு வசனம். பக்கத்து மேசைக்காரர்கள் திடுக்கிட்டுத் திரும்பி, இன்ன வசனம் என்று அடையாளம் கண்டதும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் கேள்வி என் பக்கம் வரும்போது எனக்கு ஒரு வசவும் நினைவுக்கு வராது. அதை வாங்கிக்கொண்டு நின்றவரின் முகம்தான் வரும்.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2005 மே மாதம் பிபிசி ஃபோர் சேனலில் தொடங்கிய சிட்காம், அதாவது நகைச்சுவைத் தொடர் இது. லண்டனில் சமூக விவகாரத் துறை என்று ஒரு கற்பனை அமைச்சகம். யாருக்கும் அதன் வேலை என்னவென்று சரியாகத் தெரியாது, அமைச்சருக்கும் சேர்த்துத்தான். அமைச்சரைச் சுற்றி இரண்டு அரசியல் ஆலோசகர்கள், ஒரு மக்கள் தொடர்பு அதிகாரி. இவர்கள் தலைமேல் பிரதமர் அலுவலகத்திலிருந்து வந்து விழும் இடிதான் மால்கம் டக்கர். பிரதமரின் ஊடகத் தளபதி. எந்த அமைச்சர் எந்த நாளில் எதைச் சொல்லலாம், எதைச் சொன்னதாக நாளைய பேப்பரில் வரவேண்டும் என்பதை முடிவு செய்கிறவர். ஆளுங்கட்சியின் பெயரைக் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். பிரதமர் ஒரு காட்சியில்கூட வர மாட்டார். 2005இல் இரண்டு தொடர்களாக மும்மூன்று எபிசோட், 2007இல் இரண்டு சிறப்பு எபிசோட், 2009இல் மூன்றாம் தொடராக எட்டு, 2012இல் நான்காம் தொடராக ஏழு. அவ்வளவுதான். இந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

உருவாக்கியவர் அர்மாண்டோ இயனூச்சி. கிளாஸ்கோவில் இத்தாலியக் குடும்பத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மில்டனைப் பற்றி முனைவர் ஆய்வு தொடங்கிப் பாதியில் விட்டவர். மால்கமாக நடித்த பீட்டர் கபால்டியும் கிளாஸ்கோ, அவரும் இத்தாலிய வம்சாவளி. வசவுகளை மெருகேற்றுவதற்கென்றே லங்காஸ்டர் ஊர்க்காரரான இயன் மார்ட்டின் என்ற எழுத்தாளரைச் சேர்த்துக்கொண்டார்கள். "வசவு ஆலோசகர்" என்றே அவருக்குப் பட்டம். வசைபாடக் காளமேகம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. வெறுமனே கெட்ட வார்த்தையைக் கொட்டினால் யாரும் மனப்பாடம் செய்ய மாட்டார்கள். ஒரு உவமையை எடுத்து, அதை மூன்று திருப்பம் திருப்பி, கேட்கிறவன் அர்த்தம் பிடிப்பதற்குள் அடுத்ததை எடுத்து வீச வேண்டும். மார்ட்டினும் மற்ற எழுத்தாளர்களும் செய்தது அதைத்தான். அந்தக் குழுவில் இருந்த ஜெஸ்ஸி ஆர்ம்ஸ்ட்ராங் பிற்பாடு 'சக்செஷன்' எடுத்தார். எதிர்க்கட்சி ஆலோசகர் ஃபில்லாக நடித்துக்கொண்டே எழுதிய வில் ஸ்மித் 'ஸ்லோ ஹார்சஸ்' நாவல்களைத் தொடராக்கினார். வாய்த்துடுக்குக்கு ஒரு பயிற்சிப் பட்டறை போலத்தான் நடந்திருக்கிறது.

சரி, முகத்துக்கு வருகிறேன்.

இந்தத் தொடரின் கேமரா கையிலேயே இருக்கும். ஸ்டாண்டு கிடையாது, பின்னணிச் சிரிப்பு கிடையாது. எழுதியபடி சில டேக் எடுத்துவிட்டு, பிறகு அதே காட்சியை நடிகர்கள் தங்கள் போக்கில் பேசட்டும் என்று விட்டு இன்னொரு டேக் எடுப்பார்கள். இரண்டையும் வெட்டி ஒட்டுவார்கள். இதனால் என்ன ஆகிறதென்றால், கத்துகிறவர் மேல் கேமரா அதிக நேரம் நிற்காது. பாதி வாக்கியத்தில் சட்டென்று திரும்பி, கேட்டுக்கொண்டிருப்பவர் மேல் போய் விழும். அதுவும் அரை வினாடி தாமதமாக. அந்த அரை வினாடியில் அவர் முகத்தை ஒழுங்குபடுத்த முயன்று தோற்றிருப்பார். வசவு காதில் விழும், விளைவு கண்ணில் தெரியும். ரசிகர்கள் வசனத்தை எழுதி வைத்துக்கொள்கிறார்களே தவிர, இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

முதல் எபிசோடையே எடுத்துக்கொள்வோம். புதிதாக வந்த அமைச்சர் ஹியூ ஆபட், அரசு உதவித்தொகையில் மோசடி செய்பவர்களைப் பிடிக்க ஒரு படை அமைக்கப்போவதாக அறிவிக்கக் கிளம்புகிறார். நிருபர்கள் காத்திருக்கிறார்கள். காரில் போய்க்கொண்டிருக்கும்போது மால்கமிடமிருந்து உத்தரவு: அறிவிக்காதே, பணம் கிடையாது. இப்போது காருக்குள் அமைச்சர், கிழட்டு ஆலோசகர் கிளென், இளவட்ட ஆலோசகர் ஆலி. போய்ச் சேர்வதற்குள் செலவில்லாத, ஆனால் ஜனங்களுக்குப் பிடிக்கிற புதுத் திட்டம் ஒன்று வேண்டும். நாட்டில் உள்ள காலி அறைகளுக்கெல்லாம் ஒரு தேசியப் பதிவேடு என்கிறார் ஒருவர். ஒவ்வொருவரும் சட்டப்படி ஒரு பிளாஸ்டிக் பை வைத்திருக்க வேண்டும் என்று இன்னொன்று. ஒன்றும் தேறாமல் போய் இறங்கி, ஹியூ எதையுமே அறிவிக்காமல் எதையோ பேசிவிட்டு வருகிறார். அதற்குள் மேலே காற்று மாறிவிட்டது, பிரதமருக்கு அந்தத் திட்டம் பிடித்துவிட்டது. நீ அறிவித்துவிட்டாய் என்று மால்கம் சொல்லிவிடுகிறார். நிருபர்களும் அப்படியே எழுதுவார்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

இந்த எபிசோடிலும் வசவு உண்டு. ஆனால் என்னைச் சிரிக்க வைத்தது அந்தக் கார்தான். படித்த, நடுவயது தாண்டிய மனிதர் ஒருவர் பிளாஸ்டிக் பைச் சட்டத்தை இரண்டு வினாடி உண்மையாகவே யோசித்துப் பார்க்கிறார். பயம் ஒருவரை எவ்வளவு முட்டாளாக்கும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான காட்சியை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் தொடரில் அமைச்சராக வரும் நிக்கோலா மர்ரி (ரெபெக்கா ஃப்ரன்ட்) வாங்குகிற திட்டு வேறு மாதிரி. யாரும் ஒத்துக்கொள்ளாததால் அவருக்குக் கிடைத்த பதவி அது. முதல் நாளே அறைக்கு வேறு நாற்காலி கேட்கிறார். மால்கம் விடுகிற பாடம் இதுதான்: அரசியல்வாதி சௌகரியமாக இருப்பது ஜனங்களுக்குப் பிடிக்காது, சம்பளம் வாங்குவது பிடிக்காது, செலவுப் பணம் வாங்குவது பிடிக்காது, நீங்கள் குகையில் வாழ்ந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. இது ஒளிபரப்பானது 2009 அக்டோபரில். அதே வருஷம் மே மாதம்தான் எம்.பி.க்களின் செலவுக் கணக்கை 'டெய்லி டெலிகிராஃப்' நாள்தோறும் போட்டு நாறடித்திருந்தது. வாத்து தங்குவதற்கு மிதக்கும் வீடு வாங்கி 1,645 பவுண்டுக்கு ஒருவர் பில் கொடுத்த கதையெல்லாம் வந்தது அப்போதுதான். ஆக, மால்கம் சொல்வதில் தப்பே இல்லை. நிக்கோலாவுக்கும் அது தெரிகிறது. நியாயமான திட்டை வாங்கும்போது மனிதர்கள் சிரிக்க முயல்வார்கள் பாருங்கள், அந்தச் சிரிப்பை ஃப்ரன்ட் சிரிக்கிறார். 2010இல் அவருக்கும் கபால்டிக்கும் பிரிட்டனின் திரை, தொலைக்காட்சி விருதான பாஃப்டா கிடைத்தது. திட்டியவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று. சரியான பங்கீடு.

கிளென் திட்டை உள்ளே சேமிக்கிறவர். மால்கமின் கை ஒருமுறை அவர் மூக்கிலேயே பட்டு ரத்தம் வரும். அதற்குப் பிறகும் கிளென்தான் சங்கடப்படுவார், தன் மூக்கு அங்கே இருந்ததற்கு வருத்தம் தெரிவிப்பவர் மாதிரி. ஆலி வேறு ரகம். ஒவ்வொரு வசவையும் பாடமாகப் படிக்கிறான். எதிரே நிற்கும்போது பம்முவான், முதுகு திரும்பியதும் அதையே இன்னொருவரிடம் போட்டுப் பார்ப்பான். கடைசி எபிசோடில் மால்கம் காலி செய்கிற இடத்துக்கு அவன் போவதில் ஆச்சரியமே இல்லை. பிரதமரின் ஆலோசகர் ஜூலியஸ் நிக்கல்சன் இன்னும் விசேஷம். மால்கம் முகத்துக்கு நேரே என்ன சொன்னாலும் அது வேறு யாரையோ பற்றியது என்பது போலப் புன்னகைத்துக்கொண்டே நகர்ந்துவிடுவார்.

இவர்கள் எல்லோரையும்விட எனக்கு நெருக்கமானவர் டெர்ரி கவர்லி. ஜோவனா ஸ்கேன்லன் நடித்தது. வெய்ட்ரோஸ் சூப்பர் மார்க்கெட்டில் மக்கள் தொடர்பு பார்த்துவிட்டு அரசாங்கத்துக்கு வந்தவர். மால்கமைப் பார்த்து உண்மையில் பயப்படாத ஒரே ஆள். வீரத்தால் இல்லை. தன்னை வேலையை விட்டு அனுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். இடி விழும்போது அவர் முகத்தில் தெரிவது, மழைக்கு ஒதுங்கி நிற்பவரின் பொறுமை. முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார், அதுவும் சம்பந்தமே இல்லாத ஒரு நடைமுறை விதியைச் சொல்லி. ஒரு எபிசோடில் அமைச்சர் ஹியூ கெட்ட வார்த்தையோடு அனுப்பிய மின்னஞ்சல் தவறிப்போய் எட்டு வயதுச் சிறுமிக்குப் போய்விடும். உடனே எல்லோரும் செய்வது, பழியை டெர்ரி தலையில் கட்டப் பார்ப்பது. ரசிகர்களில் பாதிப் பேருக்கு டெர்ரியைப் பிடிக்காது. சோம்பேறி, தடித்தோல் என்பார்கள். இருக்கட்டுமே. அந்தக் கட்டடத்தில் சாயங்காலம் மனிதராக வீட்டுக்குப் போகிறவர் அவர் ஒருவர்தான்.

இதை நான் சொல்வதற்கு முன்பே என் சித்தப்பா சொல்லிவிட்டார். சென்னைக் கோட்டையில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். லண்டன் ஹாரோவில் மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது போட்டுக் காட்டினேன். ஹம்ஃப்ரி என்ற உயர் அதிகாரி தன் மந்திரியை ஆட்டிவைக்கும் பழைய பிரிட்டிஷ் சிட்காம் 'எஸ் மினிஸ்டர்' தூர்தர்ஷனில் வந்த காலத்திலிருந்தே அவர் அதன் பரம பக்தர். பிற்பாடு 2001இல் ஸ்டார் பிளஸ் அதையே 'ஜீ மந்த்ரிஜி' என்று இந்தியில் எடுத்ததையும் விடாமல் பார்த்தவர். முதல் எபிசோட் ஓடும்போது முகம் சுளித்துக்கொண்டே இருந்தார்.

"என்னடா இது, இப்படிக் கத்திக்கிறானுங்க? ஹம்ஃப்ரி ஒரு புருவத்தைத் தூக்கினா மந்திரி காலி. இவன் தொண்டை கிழிய கத்தியும் வேலை நடக்க மாட்டேங்குதே."

"அதான் சித்தப்பா விஷயமே."

மூன்றாவது எபிசோட் முடிந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அந்தம்மா இருக்காங்களே, டெர்ரி, அவங்கதான்டா அசல் கவர்ன்மென்ட் ஸ்டாஃப். மந்திரி வருவான், போவான். ஃபைல் அவங்க கிட்டதான இருக்கு?"

சித்தப்பா தொட்ட இடம் முக்கியமானது. இயனூச்சிக்கே இந்தத் தொடரின் விதை 'எஸ் மினிஸ்டர்'தான். 2004இல் பிரிட்டனின் சிறந்த சிட்காம் எது என்று பிபிசி நடத்திய போட்டியில் அதற்காக வாதாடியவர் அவர். வாதாடத் தயாரானபோதுதான், இன்றைக்கு அதை எடுத்தால் அதிகாரம் யார் கையில் இருக்கும் என்ற யோசனை எழுந்திருக்கிறது. 1980களில் ஹம்ஃப்ரி போன்ற நிரந்தர அதிகாரியின் கையில். 1997க்குப் பிறகு அப்படி இல்லை. டோனி பிளேர் ஆட்சிக்கு வந்த உடனே அரசாணை ஒன்று போடப்பட்டது. பிரதமர் அலுவலகத்தில் அதிகபட்சம் மூன்று அரசியல் ஆலோசகர்கள் நிரந்தர அரசு ஊழியர்களுக்கு உத்தரவிடலாம் என்றது அது. அந்த அதிகாரத்தைப் பெற்றவர்கள் பிளேரின் அலுவலகத் தலைவர் ஜோனதன் பவலும், ஊடகப் பொறுப்பில் இருந்த அலஸ்டேர் கேம்பெலும். 2007இல் கோர்டன் பிரவுன் பதவியேற்றதும் அதை ரத்து செய்தார். அதாவது மால்கம் கத்துவதற்கு ஒரு காலத்தில் சட்ட அனுமதியே இருந்தது. ஹம்ஃப்ரி காத்திருக்கலாம், அவருக்கு வருஷங்கள் இருந்தன. மால்கமுக்கு அடுத்த செய்தி அறிக்கை வரைதான் நேரம். புருவத்தைத் தூக்கிக்கொண்டிருக்க முடியாது.

மால்கம் யாருடைய நகல் என்ற சர்ச்சையில் எனக்கு அக்கறை இல்லை. எல்லோரும் கேம்பெல் என்கிறார்கள். ஹாலிவுட் ஏஜென்டுகளை மனதில் வைத்து நடித்ததாக கபால்டி சொல்லியிருக்கிறார். இரண்டும் இருக்கலாம்.

எனக்கு அக்கறை உள்ள சண்டை வேறு. பிரிட்டிஷ் அரசியல் சந்தி சிரிக்கும்போதெல்லாம், "இப்போது மால்கம் மட்டும் இருந்திருந்தால்" என்று ஒரு ஏக்கம் கிளம்பும். 2012இல் பட்ஜெட் குளறுபடியைக் கிண்டல் செய்ய எதிர்க்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் நாடாளுமன்றத்திலேயே மால்கமின் வசவுச் சொல் ஒன்றை எடுத்து வீசினார். 2022இல் பிரதமர் லிஸ் ட்ரஸ் 49 நாளில் வீட்டுக்குப் போனபோது ஏக்கம் உச்சத்துக்குப் போனது. நாலு திட்டு திட்டி எல்லோரையும் வரிசையில் நிறுத்தியிருப்பார் என்கிறார்கள். ஆதாரமாக எப்போதும் ஒரு விஷயத்தைக் காட்டுவார்கள்: மால்கம் தன் செயலாளர் சாமிடம் மட்டும் ஒருபோதும் குரலை உயர்த்துவதில்லை, பார், உள்ளுக்குள் தங்கமான மனுஷன்.

எனக்கு அது நேரெதிராகத்தான் படுகிறது. சாமிடம் மென்மையாகப் பேச முடிகிறதென்றால், மற்றவர்களிடமும் முடியும் என்றுதானே அர்த்தம்? கோபம் அவரை மீறி வருவதில்லை. யாரிடம் எடுக்க வேண்டும், யாரிடம் கூடாது என்று தெரிந்தேதான் எடுக்கிறார்.

இந்த ஏக்கம் எழும் என்று இயனூச்சிக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்காம் தொடரின் நடுவில் டிக்கெல் என்று ஒருவர் வருகிறார். ஆண் செவிலியர். அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பை விற்கும் கொள்கையால் வீட்டை இழந்து, கூடாரம் போட்டுப் போராடுகிறார். ஆரம்பத்தில் அவர் பெயரே ஒரு நகைச்சுவை, ஆங்கிலத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுவதற்கான சொல் போல ஒலிக்கும். அமைச்சகத்தில் அவரைத் தொந்தரவு என்றுதான் பார்க்கிறார்கள், நாமும் சிரிக்கிறோம். பிறகு அவர் தற்கொலை செய்துகொள்கிறார். செய்தி வரும் நேரத்தில், ஆட்சி மாறி இப்போது அமைச்சராகியிருக்கும் பீட்டர் மேனியன் கிராமத்து மாளிகை ஒன்றில், கட்சியின் விளம்பர மூளை ஸ்டூவர்ட் நடத்தும் சிந்தனை முகாமில் சிக்கியிருக்கிறார். செல்போன்களை எல்லாம் முதலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். ஒரு மனிதர் செத்திருக்கிறார், இங்கே பெரிய மனிதர்கள் வட்டமாக உட்கார்ந்து புத்தாக்கம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

அதற்கடுத்து, இந்த மரணத்தையும் தகவல் கசிவையும் ஆராயும் கூல்டிங் விசாரணை. ஒரு மணிநேர எபிசோட். எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு, மறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பத்திரிகைகளின் நடத்தை பற்றி அப்போது நடந்துகொண்டிருந்த லெவிசன் விசாரணையின் பகடி என்று எல்லோரும் எழுதினார்கள். எனக்கு அதில் 2003இன் நிழலும் தெரிகிறது: ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி அரசு வெளியிட்ட ஆவணத்தைக் குறித்த செய்திக்கு மூலம் என்று பெயர் வெளிவந்த ஆயுத நிபுணர் டேவிட் கெல்லியின் மரணமும், அதன்பின் வந்த ஹட்டன் விசாரணையும். அந்த நாற்காலியில் மால்கம் உட்காரும்போது கத்துவதற்கு இடமில்லை. டிக்கெலின் அந்தரங்கத் தகவல் எப்படிக் கைக்கு வந்தது என்று நிதானமாகக் கேட்கிறார்கள். முதன்முறையாக கேமரா மால்கமின் முகத்தில் நின்றுவிடுகிறது. திட்டு வாங்குகிறவர் இப்போது அவர். கேட்பவர்களோ ஒரு கெட்ட வார்த்தைகூடச் சொல்வதில்லை.

பதினோரு வருஷம் கழித்து நிஜத்திலேயே நடந்தது. 2023 அக்டோபர் 31, கோவிட் விசாரணை ஆணையம். போரிஸ் ஜான்சனின் ஆலோசகராக இருந்த டொமினிக் கம்மிங்ஸ் அமைச்சர்களைப் பற்றி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை வழக்கறிஞர் ஹியூகோ கீத் வாசித்தார். பன்றியையும் ஆபாசத்தையும் ஒட்டிச் செய்த சொல்லெல்லாம் அதில் இருந்தது. இயன் மார்ட்டின் எழுதியது போலவே இருக்கிறதே என்று அன்றைக்கு ரசிகர்களுக்கு ஒரே கொண்டாட்டம். என் கிளாஸ்கோ நண்பர் மூன்று தடவை அனுப்பினார். ஆனால் அதே செய்திகளில், அமைச்சரவைத் துணைச் செயலாளராக இருந்த ஹெலன் மக்னமாராவைக் கைவிலங்கிட்டு நானே வெளியேற்றுவேன் என்று எழுதியதும், அவரைக் குறித்த இன்னும் மோசமான ஒரு சொல்லும் இருந்தன. மறுநாள் அதே நாற்காலியில் மக்னமாரா உட்கார்ந்து பேசினார். வாசிக்கவே மோசமாக இருந்தது என்றார். அந்த மொழியைப் பிரதமர் தடுக்காமல் விட்டது ஏமாற்றம் என்றார். முந்தின நாள் சிரித்தவர்களில் எத்தனை பேர் அந்தச் சாட்சியத்தையும் பார்த்தார்கள் என்று தெரியாது. நான் பார்த்தேன். டெர்ரி ஞாபகம் வந்தது, ஆனால் டெர்ரியின் தடித்தோல் எழுத்தாளர்கள் கொடுத்தது.

தொடரை மீண்டும் எடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அடிக்கடி வருகிறது. எனக்கு ஆசை இல்லை. எடுத்தே தீருவோம் என்றால், டெர்ரியின் மேசையிலிருந்து எடுக்கட்டும். ஸ்கேன்லன் இதற்குள் எங்கோ போய்விட்டார், 2022இல் சிறந்த நடிகைக்கான பாஃப்டா வாங்கினார். ஆனால் 2009இல் அவரே சக நடிகைகளுடன் எழுதி நடித்த 'கெட்டிங் ஆன்' என்ற மருத்துவமனைச் சிட்காமின் முதல் எபிசோடுகளை இயக்கியது கபால்டி. திட்டியவர் கேமராவுக்குப் பின்னால், வாங்கியவர் முன்னால். அந்த ஏற்பாடு இப்போதும் வேலை செய்யும்.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்கள் எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்கிறார்கள். முதல் இரண்டு தொடர்களில் ஹியூவாக நடித்த கிறிஸ் லாங்கம், சிறார் பாலியல் வன்முறைப் படங்களைப் பதிவிறக்கியதற்காக 2007இல் தண்டிக்கப்பட்டவர். அதனால் அவற்றைத் தொட மாட்டேன் என்கிறவர்களோடு நான் வாதம் செய்வதில்லை. அவர்கள் மூன்றாம் தொடரின் நாற்காலிக் காட்சியிலிருந்து தொடங்கலாம், கதை புரியும். கூல்டிங் விசாரணையை மட்டும் முதலில் பார்த்துவிடாதீர்கள். அதற்கு முந்தின எபிசோடுகளில் வயிறு வலிக்கச் சிரித்திருந்தால்தான் அது கடிக்கும்.